நூற்றுக்கு அறுபத்தொன்று

கடல் இறங்கும் நேரம் பார்த்துப் போனோம்,
காலை ஐந்தே முக்கால்.
துப்ளி வளைகுடாவில் முட்டி வரை சேறு.
வங்கி தந்த ரப்பர் பூட்ஸ்
என் காலுக்கு இரண்டு அளவு பெரிது.
கணக்குப் பார்க்க ஒரு பெண் வருவாள் என்று
வாங்கியவர்கள் யோசித்திருக்கவில்லை.

ஹமூத் படகைக் கட்டினான்.
மரிசெல் கயிறு பிடித்துச் சதுரம் போட்டாள்,
பத்துக்குப் பத்து மீட்டர்.
உள்ளே குனிந்து வெண்கண்டல் கன்றுகளை
ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினேன்.
உயிர். செத்தது. செத்தது. உயிர்.
அடுத்தது, சந்தேகம்.
படிவத்தில் சந்தேகத்துக்குக் கட்டமில்லை.

பச்சைப் பத்திரம், பச்சைக் கடன், பச்சை நிதி.
அறிக்கையைத் தமிழில் யோசிக்கும்போதெல்லாம்
எனக்கு ஓர் உறுத்தல்.
நம்மிடம் இலையும் பச்சை, பொய்யும் பச்சை.
தோலில் குத்திவிட்டால்
சாகும்வரை போகாததும் பச்சை.

கடன் வாங்கியது எண்ணெய்க் கம்பெனி.
ஐம்பதில் கரிச்சமன் என்று கையெழுத்திட்டிருக்கிறது.
எண்பது சதவீதம் கன்று பிழைத்தால்
இரண்டாம் தவணை இறங்கும்,
வட்டியில் கால் புள்ளி தள்ளுபடி.
பிழைக்காவிட்டால் பணம் நிற்கும்.
நாற்றங்காலில் பதினான்கு பேர்,
ஒன்பது பேர் சில்ஹெட்காரர்கள்,
அவர்களும் நிற்பார்கள்
விசா ரத்தாகும் வரிசையில்.

சித்ரா பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் சுடர்
விடிந்தது தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.
அதன் அடியில் போய் நின்று
சதவீதம் கேட்க
என்னை யாரும் அனுப்பவில்லை.

காசைக் கரியாக்காதே என்று
திட்டித் திட்டி வளர்த்தார்கள்.
இங்கே சம்பளம் கரியைக் காசாக்குவதற்கு.
சரியாகச் சொன்னால்
இன்னும் மேலே போகாத கரியை.

ஓர் இலையைத் தடவினேன், விரலெல்லாம் உப்பு.
குடித்த கடலில் தனக்கு ஆகாததை
அன்றன்றைக்கே வெளியே தள்ளிவிடுகிறது.
ஐம்பது வரை
எந்த மரமும் தவணை கேட்பதில்லை.

ஒன்பதரைக்குக் கூட்டிப் பார்த்தேன்,
நூற்றுக்கு அறுபத்தொன்று.
சந்தேகங்களை உயிர்ப் பக்கம் சேர்த்தாலும்
அறுபத்தாறு தாண்டவில்லை.

பத்ரியா போனில் கேட்டார், கனிவாகத்தான் கேட்டார்:
'கயிற்றைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன?
ஓடை வாய்ப் பக்கம்?'

போடலாம். ஓடை வாயில் தண்ணீர் வந்து போகிறது,
அங்கே தொண்ணூறும் நிற்கும்.
நூறு மீட்டர்தான்.
மரிசெல் கயிற்றைச் சுருட்டவும் இல்லை
விரிக்கவும் இல்லை.
என் முகத்தையும் பார்க்கவில்லை.

செத்த கன்றுகளின் வழியே நடந்தேன்.
நேர் வரிசை, நூல் பிடித்த மாதிரி.
'இந்த மேட்டுக்குக் கடல் ஏறாது,
மாதத்தில் ரெண்டு நாள் ஏறினால் பெரிது.
நடும்போதே சொன்னேன்' என்றான் ஹமூத்.
'மேலேயிருந்து எடுக்கும் படத்தில்
வரிசை வரிசையாய்த் தெரியணும் என்றார்கள்.'

அறுபத்தொன்று என்றே எழுதினேன்.
பக்க ஓரத்தில், எழுத இடமில்லாத இடத்தில்,
பொடி எழுத்தில் எழுதினேன்:
நட்டவர்கள் கை தவறவில்லை, நடச் சொன்ன இடம் தவறு.
பணத்தை நிறுத்த வேண்டாம்,
மேட்டிலிருந்து இறக்கி ஓடைக்குக் கொண்டுபோங்கள்.
யார் படிப்பார்கள், தெரியாது.
அடிக்குறிப்புக்கு வட்டியில்லை.

கரையில் கார்
நாலு மணி நேரமாய் ஏசி ஓட நின்றிருந்தது,
நாங்கள் வந்து ஏறினால் குளிர்ந்திருக்க வேண்டுமென்று.
'இதையும் எழுதட்டுமா?' என்றேன்.
மரிசெல் சிரித்தபடி கதவைத் திறந்தாள்.
முகத்தில் அடித்த குளிர்
சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்,
இடது பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது.
அதற்குள் தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது,
ஓடைப் பக்கமிருந்து,
மேட்டை எட்டாமல்.